ஆன்டிபாடியின் காலை வாரும் பாக்டீரியா

பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டி பக்கம் பயோடெக் கம்பெனியில் வேலை பார்க்கிற நம்ம அல்சூர்ப் பிள்ளைகள் யாரையாவது கேட்டுப் பாருங்கள், 'புரோட்டீன் ஜி' என்றால் குழாயில் அடைத்துவரும் வெள்ளை பீட்ஸ், அதாவது குட்டிக் குட்டி மணிகள், என்பார்கள். பல புரதங்கள் கலந்த திரவத்தை அதில் ஊற்றினால் ஆன்டிபாடி (கிருமியைப் பிடிக்க நம்ம உடம்பு தயாரிக்கும் புரதம்) மட்டும் ஒட்டிக்கொள்ளும், மற்றதெல்லாம் வழிந்துவிடும், அப்புறம் கொஞ்சம் அமிலக் கரைசல் விட்டால் ஒட்டியதும் கழன்று சுத்தமாக வந்துவிடும்.

வசதியான சரக்குதான். ஆனால் இதை முதலில் செய்தது எந்தக் கம்பெனியும் இல்லை, சி, ஜி பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாக்கள். ஆய்வகத்துக்காக அந்தப் புரதத்தில், ரத்தத்தில் இருக்கிற ஆல்புமின் என்ற இன்னொரு புரதத்தைப் பிடிக்கும் பகுதியை வெட்டிவிட்டார்கள், அவ்வளவுதான்.

கிருமிக்கு இது எதற்கு? ஐஜிஜி என்ற வகை ஆன்டிபாடிக்கு இரண்டு கை, ஒரு கால். கைகள் கிருமியைப் பிடிக்கும், கால் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். வெள்ளணுக்கள் அந்தக் காலைப் பற்றித்தான் கிருமியை விழுங்குகின்றன. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அந்தக் காலையே பிடித்துவிடுகிறது! ஆன்டிபாடி தலைகீழாக, கைகளைக் காற்றில் ஆட்டிக்கொண்டு நிற்கும், வெள்ளணுவுக்குப் பிடிப்பதற்கு ஒன்றும் இருக்காது.

நமக்குத் தொண்டைப்புண் கொடுக்கிற ஏ பிரிவு கிருமியிடம் இந்த வேலையைச் செய்வது 'எம்' என்ற புரதம். 1920களில் நியூயார்க்கில் ரெபெக்கா லான்ஸ்ஃபீல்ட் கண்டறிந்தது. இதில் 200க்கு மேல் ரகம் உண்டு, அதில் பல ரகங்கள் ஐஜிஜியின் காலைப் பிடிக்கும். ஒரு ரகத்துக்கு உடம்பு தயாரானாலும் இன்னொரு ரகம் வந்து தொண்டையைப் பிடிப்பதும் இத்தனை ரகம் இருப்பதால்தான்.

எனக்குப் பிடித்த விஷயம் வேறு. இந்தத் தந்திரம் எல்லா இடத்திலும் பலிப்பதில்லை. எச்சிலில் இருக்கிற ஐஜிஜி ரத்தத்தில் இருப்பதில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான். அந்த அளவில் ஆன்டிபாடிகள் பெரும்பாலும் தலைகீழாகத்தான் மாட்டுகின்றன, ரத்தத்தில் இருக்கிற அளவுக்கு ஏற்றினால் கையால் ஒழுங்காகப் பிடிக்கின்றன என்று ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் காட்டினார்கள். ஆக, தொண்டையில் காலம் தள்ளுவதற்கு ஏற்ற கருவி இது.

சரி, கிருமி ரத்தத்துக்குள் போய்விட்டால்? அதற்கும் ஒன்று வைத்திருக்கிறது. ஐஜிஜியைக் கையும் காலும் சேருமிடத்தில் வெட்டும் என்சைமை வெளியே விடுகிறது. அந்த என்சைம்தான் இம்லிஃபிடேஸ் என்ற மருந்து. தானமாக வரும் சிறுநீரகத்துக்கு எதிரான ஆன்டிபாடி உடம்பில் நிறைந்திருப்பவர்களுக்கு, மாற்று அறுவைக்கு முன் அதைத் துடைத்தெடுக்க 2020இல் ஐரோப்பாவில் நிபந்தனையோடு அனுமதித்தார்கள்.