கணுவில் வேர்விடும் மஞ்சள் கரிசலாங்கண்ணி

மஞ்சள் கரிசலாங்கண்ணிக்கு விதை தேடி அலைய வேண்டாம். கீரைக்கட்டில் வரும் தண்டே போதும். டெய்சி, சாமந்தி, சூரியகாந்தி அடங்கிய குடும்பத்தில், வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் தானாகப் படர்ந்து பல்லாண்டு வாழும் செடி இது. பூ வெள்ளையாக இருந்தால் அது வேறு செடி; அதை விதையிலிருந்து வளர்ப்பதே வழக்கம்.

தண்டின் நுனியில் ஆக்சின் என்ற வளர்ச்சி ஊக்கி உருவாகிக் கீழ்நோக்கி இறங்குகிறது. தண்டை வெட்டியதும் அது வெட்டுவாயருகே தேங்கி, கணுவிலுள்ள செல்களை வேராக மாறத் தூண்டுகிறது. அதனால்தான் தண்டைத் தலைகீழாக நட்டால் வேர்விடத் திணறும். பூக்காத, முற்றாத தண்டாகப் பார்த்து, 10 முதல் 15 செ.மீ. நீளத்தில், ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே நறுக்குங்கள். உச்சியில் 2 இலை மட்டும் இருக்கட்டும். மிச்சத்தைக் கிள்ளாவிட்டால், வேர் வருவதற்குள் இலைகள் நீரை இழந்து தண்டு துவண்டுவிடும். 2 கணு மண்ணுக்குள் போக வேண்டும்.

செம்மண் 2 பங்கு, மணல் 1 பங்கு, மக்கிய தொழுவுரம் 1 பங்கு. ஆழத்தைவிட அகலம் கூடுதலான தொட்டி நல்லது; படரும் ஒவ்வொரு கணுவும் மண்ணைத் தொட்டால்தான் புது வேர் பிடிக்கும். பாத்தியில் 30 செ.மீ. இடைவெளி விடுங்கள். முதல் 10 நாள் நிழல், பிறகு காலை வெயில். மண் ஈரமாக இருக்கட்டும், ஆனால் தொட்டியில் நீர் தேங்கினால் வேர் அழுகும். நிழல் அதிகமானால் கணுக்களுக்கு இடையே தண்டு நீண்டு, பூ குறையும். உரம் மிஞ்சினால் தளிர் கொழுத்து, சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி ஏறும்.

நடும் முன் இலையை உற்றுப் பாருங்கள், ஏனென்றால் பெரும்பாலானோர் ஏமாறுவது இங்கேதான். கரிசலாங்கண்ணி இலை குறுகி நீண்டு, தடவினால் சொரசொரக்கும். ஓரத்தில் பல் இருந்தாலும் லேசாகத்தான் இருக்கும். அழகுக்காகத் தரையில் படரவிடும் சிங்கப்பூர் டெய்சிக்கும் இதே மஞ்சள் பூதான், ஆனால் இலை அகன்று பளபளத்து மூன்று மடலாகப் பிரியும். வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த அது, உலகின் மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இருக்கிறது. அதைக் கீரையாகச் சமைக்கக் கூடாது. இளந்தளிரில் மடல் தெளிவாகத் தெரியாது. முதிர்ந்த இலைகள் நாலைந்தைப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

அறுவடையில் தரையிலிருந்து 5 செ.மீ. விட்டு அறுத்தால், மிஞ்சிய கணுக்களிலிருந்து மறுபடி துளிர்க்கும். நடுப்பகுதி கட்டையாகித் தளிர் குறைந்ததும், ஓரத்தில் வேர்பிடித்த துண்டுகளைப் பெயர்த்துப் புதிய மண்ணில் நடுங்கள்.