‘ஸ்டாக்’ கார் என்றால் எந்தக் கார்?

ஒருவர் புதுக் கார் வாங்குகிறார். ஷோரூமிலிருந்து நேரே வீட்டுக்கு ஓட்டி வருகிறார். ஒரு திருகைக்கூடத் தொடவில்லை. அப்படியும் அந்தக் கார் ‘ஸ்டாக்’ இல்லை என்று ஆட்டோகிராஸ் விதிநூல் சொல்லக்கூடும். இன்னொருவர் நான்கு ஷாக் அப்சார்பரையும் மாற்றிவிட்டார், வேறு வீல் போட்டிருக்கிறார், சைலன்சரும் கம்பெனியுடையது அல்ல. அவரோ மிகக் குறைவான மாற்றங்களுக்கே இடம் தரும் வகுப்பில் எந்தச் சிக்கலும் இல்லாமல் ஓட்டலாம். இந்த இரண்டு முடிவுகளும் ஒரே விதியிலிருந்து வருபவை. இந்தக் குழப்பத்தில் பாதி ‘ஸ்டாக்’ என்ற சொல்லை நாம் எப்படிப் புரிந்துகொள்கிறோம் என்பதால் வருகிறது. அதனால் சொல்லிலிருந்தே தொடங்கலாம்.

அதற்கு முன் விளையாட்டைப் பற்றி இரண்டு வரி. ஆட்டோகிராஸ் என்பது விரிந்த தார்த்தளத்திலோ கான்கிரீட் தளத்திலோ கூம்புகளை நிறுத்தி வளைந்து நெளியும் பாதை அமைத்து, ஒவ்வொரு காராகக் கடிகாரத்தோடு போட்டியிடும் விளையாட்டு. கார்கள் பக்கத்துப் பக்கமாக மோதிக்கொண்டு ஓடுவதில்லை. அமெரிக்காவில் இதைப் பெரிய அளவில் நடத்துவது 1944இல் தொடங்கிய ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆஃப் அமெரிக்கா என்ற எஸ்.சி.சி.ஏ. அவர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் ‘சோலோ’. ஒரு கூம்பை இடித்தால் ஓட்ட நேரத்தோடு 2 விநாடி கூடும். பல போட்டிகளில் முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் உள்ள தூரம் ஒரு விநாடியின் சிறு பின்னம்தான். அதனால்தான் யார் காரில் என்ன மாற்றலாம் என்ற கேள்விக்கு இங்கே இவ்வளவு கனம்.

சரி, சொல்லுக்கு வருவோம். பழைய ஆங்கிலத்தில் ‘ஸ்டாக்’ என்றால் அடிமரம், கட்டை. கிளையும் இலையும் எதிலிருந்து கிளம்புகிறதோ அந்தத் தண்டு. அங்கிருந்து அது ஒரு குடும்பத்தின் மூலவழி என்று ஆனது, வணிகத்துக்கு இடும் முதல் என்று ஆனது, பிறகு விற்பதற்காகக் கடையில் வைத்திருக்கும் சரக்கு என்றும் ஆனது. தமிழில் நாம் அன்றாடம் ‘ஸ்டாக் இருக்கா?’ என்று கேட்பது இந்தக் கடைசிப் பொருளில். ஆர்டர் கொடுத்துச் செய்விக்காமல், கடைச் சரக்கில் எப்படி இருந்ததோ அப்படியே எடுத்தது என்ற பொருளிலிருந்துதான் ‘ஸ்டாக் கார்’ வந்தது.

வந்த சொல் அங்கேயே நிற்கவில்லை. 1948இல் தொடங்கிய அமெரிக்கக் கார்ப் பந்தய அமைப்பான நாஸ்கார், 1949இல் நடத்திய தன் புதிய தொடருக்கு ‘ஸ்ட்ரிக்ட்லி ஸ்டாக்’ என்று பெயர் வைத்தது. ‘அப்பட்டமான ஸ்டாக்’ என்று அழுத்திச் சொல்ல வேண்டியிருந்தது என்பதிலேயே, அந்தச் சொல் அப்போதே தளர்ந்திருந்தது தெரிகிறது. இன்றைய நாஸ்கார் கார் பந்தயத்துக்கென்றே குழாய்ச் சட்டத்தின் மேல் கட்டப்படுவது. அதன் உடற்கூடு மட்டும் சாலைக் காரை நினைவூட்டும். பெயர் மட்டும் ‘ஸ்டாக் கார்’ என்றே தங்கிவிட்டது.

ஆட்டோகிராஸில் சொல் வேறு வழியில் போனது. எஸ்.சி.சி.ஏ. சோலோ விதிகளில் மாற்றங்கள் மிகக் குறைந்த பிரிவின் பெயர் முன்பு ‘ஸ்டாக்’ என்றே இருந்தது. 2014இல் அதை ‘ஸ்ட்ரீட்’ என்று மாற்றினார்கள். பந்தயத்துக்கென்றே வரும் பிசுபிசுப்பான டயர்கள் அந்தப் பிரிவிலிருந்து போயின. இப்போது ட்ரெட்வேர் எண் (எண் கூடினால் டயர் மெதுவாகத் தேயும் என்று பொருள்) 200க்குக் குறையாத டயர்தான் போடலாம். என் பார்வையில் பெயர் மாற்றம் நேர்மையானது. ஷாக் அப்சார்பர், வீல், பிரேக் பேட், சைலன்சர் எல்லாம் மாற்ற இடமிருக்கும் பிரிவை ‘ஸ்டாக்’ என்று அழைத்தால், புதிதாக வருபவர் தடுமாறத்தான் செய்வார். ஆனால் பெயர்ப்பலகையிலிருந்து இறங்கிய சொல் விதிகளின் உள்ளே உயிரோடுதான் இருக்கிறது. எந்த மாற்றத்தையும் எதோடு ஒப்பிட்டு அளக்கிறார்கள் என்றால், இன்றும் கார் ஆலையிலிருந்து வந்த நிலையோடுதான்.

அந்த நிலையை விதிநூல் வரையறுக்கும் விதத்தில்தான் இந்தக் கட்டுரையின் சாரமே இருக்கிறது. அதன்படி ஒரு பாகம் ‘ஸ்டாண்டர்ட் பார்ட்’ ஆக வேண்டுமானால் மூன்று நிபந்தனைகள். காரோடு சேர்த்து ஆர்டர் கொடுக்கக் கூடியதாக அது இருந்திருக்க வேண்டும். ஆலையின் உற்பத்தி வரிசையிலேயே பொருத்தப்பட்டிருக்க வேண்டும். அமெரிக்காவில் உள்ள டீலர் வழியாகக் கைக்கு வந்திருக்க வேண்டும். துறைமுகத்தில் இறக்கிய பின் பொருத்தியதும், டீலர் தன் பட்டறையில் பொருத்தியதும் இதில் சேராது. பெட்டியில் கார்க் கம்பெனியின் பெயரும் முத்திரையும் இருந்தாலும் சேராது. முதலில் சொன்ன, ஒரு திருகையும் தொடாத மனிதரின் கதை இப்போது புரியும். அவருடைய காரின் பின்புற இறக்கையை டீலர் மாட்டியிருந்தால், அவர் அறியாமலே அது மாற்றம் செய்த காராகிவிடுகிறது.

இதைவிட நுட்பமான ஓர் இடம் உண்டு. தனித்தனிப் பாகங்கள் ஆலையில் வந்தவையாக இருந்தால் மட்டும் போதாது. அவற்றின் சேர்க்கையும் ஆலை ஒரே காரில் சேர்த்துக் கொடுத்த சேர்க்கையாக இருக்க வேண்டும் என்று விதி வெளிப்படையாகச் சொல்கிறது. ஒரே மாடலை ஆலை இரண்டு பேக்கேஜாக விற்கிறது என்று வையுங்கள். ஒன்றில் அகல வீலும் கடினமான ஸ்பிரிங்கும் வரும், ஆனால் கூடவே எடை மிகுந்த சன்ரூஃபும் வரும். மற்றதில் மூன்றும் கிடையாது. அகல வீலை மட்டும் எடுத்து எடை குறைந்த காரில் மாட்டினால்? வீலும் ஆலையுடையது, காரும் ஆலையுடையது. ஆனால் அப்படி ஒரு கார் ஆலையின் வாசலைத் தாண்டி வந்ததே இல்லை. அதனால் அது செல்லாது. மாற்றுவதானால் பேக்கேஜை முழுதாக மாற்ற வேண்டும், சன்ரூஃப் உட்பட.

இந்த இடத்தைத் தெளிவாக்க நம் இலக்கணத்திலேயே சொல் தயாராக இருக்கிறது. முழுப் பொருளை ‘முதல்’ என்றும் அதன் உறுப்பைச் ‘சினை’ என்றும் பிரிப்பது பழைய வழக்கம். ‘யானையது கோட்டைக் குறைத்தான்’ என்ற எடுத்துக்காட்டில் யானை முதல், கோடு என்கிற தந்தம் சினை. ‘ஸ்டாக்’ என்பது சினையின் குணம் அல்ல, முதலின் குணம். ‘இது ஸ்டாக் வீல்தானே’ என்று வாதாடுபவர் சினையைக் காட்டுகிறார். விதியோ முதலைப் பார்க்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் சோலோ விதிகளின் கடினமான பக்கங்களில் பாதி தானாகத் திறந்துகொள்ளும் என்று உறுதியாகச் சொல்வேன்.

மீதிப் பாதி அனுமதிகளைப் படிக்கும் முறையில் இருக்கிறது. இந்த விளையாட்டில் இருப்பவர்கள் அடிக்கடி சொல்லும் வாக்கியம் ஒன்று: செய்யலாம் என்று எழுதியிருக்காவிட்டால் செய்யக் கூடாது. ‘செய்யக் கூடாது என்று எங்கே போட்டிருக்கிறது?’ என்பது இங்கே செல்லாத கேள்வி. பொதுவிதி ஒன்று: கார் ஆலை கொடுத்தபடி இருக்க வேண்டும். மற்றவை எல்லாம் சிறப்புவிதிகள். சிறப்புவிதி தான் தொட்ட இடத்தில் மட்டுமே பொதுவிதியை விலக்கும், அதற்கு ஓர் அங்குலம் அப்பாலும் போகாது.

ஷாக் அப்சார்பரை எடுத்துக்கொள்வோம். ஸ்ட்ரீட் பிரிவில் அதை மாற்றலாம். ஸ்பிரிங் மாற்ற அனுமதி இல்லை. பல கார்களில் ஸ்பிரிங் உட்காரும் தட்டு ஷாக் அப்சார்பரின் உடலிலேயே இருக்கும். புது ஷாக் அப்சார்பரில் அந்தத் தட்டைச் சற்றுக் கீழே வைத்தால் கார் தரையோடு தாழும், வளைவில் சாய்வது குறையும். மாற்றியது ஷாக் அப்சார்பரைத்தான், அதற்கு அனுமதி இருக்கிறது என்று தோன்றும். ஆனால் கிடைத்த அனுமதி அதிர்வை அடக்கும் வேலைக்கு. உயரத்தைக் குறைக்கும் வேலைக்கு அல்ல. தட்டு பழைய உயரத்திலேயே இருக்க வேண்டும் என்று விதியும் தனியாகச் சொல்லி வைத்திருக்கிறது. வீலும் அப்படியே. விட்டம் ஓர் அங்குலம் கூடலாம், குறையலாம். அகலம் ஆலை அளவிலேயே நிற்க வேண்டும். ஆஃப்செட், அதாவது வீலின் நடுக்கோட்டிலிருந்து அது காரோடு பொருந்தும் முகம் தள்ளி இருக்கும் தூரம், 7 மில்லிமீட்டருக்கு மேல் நகரக் கூடாது.

வசதிக்கும் தோற்றத்துக்குமான மாற்றங்களை அனுமதிக்கும் பகுதிதான் அதிகம் தவறாகப் படிக்கப்படுவது. மீட்டர், விளக்கு, அலங்காரம் போன்றவற்றைச் சேர்க்கலாம் என்கிறது அது. கூடவே இரண்டு கட்டுகள்: வண்டியின் ஓட்டத்திறனையும் கையாளுதலையும் பாதிக்கக் கூடாது, எடையைக் குறிப்பிடத்தக்க அளவில் குறைக்கக் கூடாது. ‘எனக்கு இந்த மெல்லிய சீட்தான் வசதி’ என்று சொல்லி இருபது கிலோ சீட்டைக் கழற்றி எட்டுக் கிலோ சீட்டை மாட்ட முடியாது. அவருக்கு அது வசதியாகவே இருக்கலாம், ஆனால் எடை குறைந்துவிட்டது. உபரிச் சக்கரத்தையும் ஜாக்கியையும் எடுத்து வைத்துவிட்டு ஓட்டலாமே, அது எடைக் குறைப்பு இல்லையா என்று கேட்டால், அதற்கென்று தனி அனுமதி இருக்கிறது என்பதுதான் பதில். அந்த அனுமதியை நீட்டிப் பின்சீட் வரை கொண்டுபோக முடியாது.

வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பியான ஆன்டி-ரோல் பார் பற்றிய விதியைப் படித்தபோது எனக்கு உண்மையில் மகிழ்ச்சியாக இருந்தது. முன்னதோ பின்னதோ, ஏதேனும் ஒன்றை மாற்றலாம், சேர்க்கலாம், எடுத்துவிடலாம் என்று மூன்று வினைகளைத் தனித்தனியே எழுதியிருக்கிறார்கள். தமிழ்ப் புணர்ச்சி இலக்கணத்தில் விகாரம் மூன்று வகை: தோன்றல், திரிதல், கெடுதல். சேர்ப்பது தோன்றல், மாற்றுவது திரிதல், எடுப்பது கெடுதல். ஒன்றும் நேராவிட்டால் இயல்பு. மாற்றம் என்பதை இலக்கணக்காரர்கள் பிரித்த அதே வழியில்தான் கார் விதி எழுதியவர்களும் பிரித்திருக்கிறார்கள். நடைமுறைப் பயனும் உண்டு: ஒரு விதி ‘மாற்றலாம்’ என்று மட்டும் சொன்னால், எடுத்தே விடலாமா என்று உடனே கேட்டுப் பார்க்க வேண்டும். திரிதலுக்குக் கிடைத்த அனுமதி கெடுதலுக்குச் செல்லாது.

அப்புறம், தமிழில் என்ன சொல்வது?

‘இருப்பு’ கடைச் சரக்குக்கு மட்டுமே பொருந்தும். ‘இருப்புக் கார்’ என்றால் விற்காமல் நிற்கும் கார் என்றுதான் படும். பலரும் வாய்க்கு வந்தபடி சொல்வது ‘அசல்’. அரபியில் அதன் மூலச்சொல்லுக்கு வேர் என்று பொருள், ஆக ‘ஸ்டாக்’ என்ற அடிமரத்துக்கு அது மிக நெருங்கிய உறவு. ஆனாலும் விதிக்கு ஆகாது. தமிழில் அசலின் எதிர்ச்சொல் போலி. டீலர் மாட்டிய இறக்கை போலி இல்லை, அசல்தான். ஆனால் ஸ்டாக் இல்லை. மெக்கானிக்குகள் சொல்லும் ‘கம்பெனி ஃபிட்டிங்’ நல்ல உயிருள்ள சொல், பேச்சில் அதையே வைத்துக்கொள்ளலாம். அதிலும் டீலர் பொருத்தியது எந்தப் பக்கம் என்ற சந்தேகம் தீரவில்லை.

என் மனம் விரும்பியது ‘முதனிலை’. முதல் என்ற சொல்லில் அடியும் உண்டு, வணிகத்தில் போட்ட பணமும் உண்டு, முழுப் பொருளும் உண்டு. ஆங்கிலச் சொல் நடந்து வந்த பாதையே அதற்குள் இருக்கிறது. இலக்கணத்தில் வினையின் பகுதிக்கும் அதுவே பெயர். சுடு என்பது சூடு என்று மாறினால் அதை முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்கிறோம். மாற்றம் செய்த காருக்கு இதைவிட அழகான பெயர் எங்கே கிடைக்கும்? ஆனால் இன்றைய வாசகர் ‘முதல்நிலைத் தேர்வு’ என்று பழகியவர். முதனிலைக் கார் என்றால் முதல் சுற்றில் ஓடும் கார் என்று எடுத்துக்கொள்வார். விதி சார்ந்த சொல்லில் அந்த ஆபத்து வேண்டாம்.

ஆகவே நான் எழுதுவது ‘ஆலைநிலை’. டீலரும் துறைமுகமும் வெளியே என்பதைச் சொல்லே சொல்லிவிடுகிறது. ‘நிலை’ என்ற பின்பாதி முழுக் காரையும் குறிப்பதால், தனிப் பாகத்தைக் காட்டி வாதாட இடம் தராது. தனிப் பாகத்தைச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘ஆலை ஸ்பிரிங்’, ‘ஆலை வீல்’ என்று பிரித்து எழுதலாம். விதியின் மைய வாக்கியமும் எளிதாக வந்துவிடுகிறது: கீழே இசைவு தந்த மாற்றங்கள் தவிர, கார் ஆலைநிலையில் இருக்க வேண்டும்.

நாஸ்கார் நடத்தும் ‘ஸ்டாக் கார்’ பந்தயத்தை மட்டும் ஒலிபெயர்த்தே வைத்துக்கொள்வேன். அந்தக் கார் எந்த ஷோரூமுக்கும் விற்பனைக்கு வந்ததில்லை.