உயிலில் நிபந்தனை: எது நிற்கும், எது நிற்காது?

1951-ல் வந்த பிரிட்டிஷ் நகைச்சுவைப் படம் ‘லாஃப்டர் இன் பாரடைஸ்’. இயக்கம் மரியோ ஸாம்பி. குறும்புக்காரக் கிழவர் ஒருவர் இறந்துபோகிறார். உறவினர் நால்வருக்கும் ஆளுக்கு 50,000 பவுண்டு, ஆனால் நிபந்தனையோடு. வேலைக்காரப் பெண்களைப் படுத்தியெடுக்கும் ஆக்னஸ் ஒரு மாதம் வீட்டுவேலை செய்ய வேண்டும். பெண்கள் பின்னால் திரியும் சைமன், தான் முதலில் பேசும் கல்யாணமாகாத பெண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டும். பயந்த சுபாவமுள்ள ஹெர்பர்ட், பொம்மைத் துப்பாக்கியால் பேங்க் மேனேஜரை மிரட்ட வேண்டும். டெனிஸ்டன் குற்றம் செய்து 28 நாள் ஜெயிலில் இருக்க வேண்டும். டெனிஸ்டனாக வரும் அலஸ்டர் சிம் கைதாகப் படும் பாடு ஒன்றுக்காகவே படத்தைப் பார்க்கலாம்.

இந்த உயில் நம்மூர் நீதிமன்றத்துக்கு வந்தால் ஹெர்பர்ட்டுக்கும் டெனிஸ்டனுக்கும் ஒன்றும் கிடைக்காது. ஆங்கிலேயச் சட்டத்தை ஒட்டி எழுந்த நம் 1925 இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில், ‘இன்னாரைக் கொன்றால் 500 ரூபாய்’ என்ற உயிலே 127-வது பிரிவுக்கு உதாரணம். அங்கே நிபந்தனை மட்டுமல்ல, பணமும் போய்விடும்.

பலர் தடுமாறுவது இதில்தான். நிபந்தனை சொத்துக்கு முன்னால் நிற்கிறதா, பின்னால் நிற்கிறதா என்று பாருங்கள். ‘இதைச் செய்தால்தான் சொத்து’ என்றால், நிபந்தனை கெட்டதும் சொத்தும் கிடையாது. ‘சொத்து உனக்கு, இதைச் செய்யாவிட்டால் இன்னொருவருக்கு’ என்றால் கதை வேறு. ஒரு மணி நேரத்தில் 100 மைல் நடக்காவிட்டால் சொத்து அடுத்தவருக்கு என்ற நிபந்தனையை 133-வது பிரிவு உதாரணமாகத் தருகிறது. நடக்க முடியாத காரியம் என்பதால் நிபந்தனை செல்லாது, சொத்து முதலாமவரிடமே தங்கும்.

ஆக்னஸின் நிபந்தனை சட்டத்துக்கு உட்பட்டதே. சண்டை வருவது வார்த்தையில். வீட்டுவேலை என்றால் எது? எஜமானர் பத்தாம் நாளே அனுப்பிவிட்டால்? சைமனுக்கு போனில் பேசியதும் பேச்சாகுமா? நிபந்தனை போட்டே தீருவேன் என்பவர்கள் மூன்றை எழுதிவையுங்கள்: எந்தத் தேதிக்குள், நிறைவேறியதா என்று சொல்ல வேண்டியவர் யார், தவறினால் சொத்து யாருக்கு. கடைசியானதைத்தான் அதிகம் பேர் விட்டுவிடுகிறார்கள். நான்கு பேர் சம்மதம் வேண்டும் என்று எழுதினால், அவர்களில் ஒருவர் முன்னதாக இறந்துவிட்டால் என்ன என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

படத்தின் முடிவில், கிழவரிடம் பணமே இல்லை என்று தெரியவரும். நிஜத்திலும் கடனைத் தீர்த்த பிறகுதான் உயில்படி பங்கு. நிபந்தனையை நிறைவேற்ற ஓடுவதற்கு முன் வில்லங்கச் சான்று, பேங்க் இருப்பு, கடன் பாக்கி மூன்றையும் பார்த்துவிடுங்கள்.