சொல் விளக்கம்: மெடாலியன் – ரம்பத்துக்குப் பதக்கம் கொடுத்தது யார்?

பழைய கைரம்பங்களைத் தேடிச் சேர்க்கும் பித்து நம்மவர்களையும் மெல்லப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதைப் பற்றித் தமிழில் எழுதுகிறார்கள், காணொளி போடுகிறார்கள். நல்லதுதான். ஆனால் எதைத் திறந்தாலும் "கைப்பிடியில் இருக்கும் பதக்கத்தைக் கவனியுங்கள்" என்று ஒரு வாக்கியம் வந்துவிடுகிறது. முதலில் சிரித்துக்கொண்டு கடந்தேன். பிறகு சலிப்பு வந்தது. அண்மையில் ஒரு மொழிபெயர்ப்பில் "உயர்தர உத்தரவாதப் பதக்கம் பெற்ற அரிய ரம்பம்" என்று படித்ததும் பொறுமை போய்விட்டது. ரம்பத்தைப் பற்றிப் பேசிக் கொஞ்சம் ரம்பம் போடப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பொருள் என்ன என்பதை முதலில் பார்ப்போம். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் செய்த கைரம்பத்தின் மரக் கைப்பிடியை எஃகுத் தகட்டோடு சில பித்தளைத் திருகாணிகள் பிடித்திருக்கும். அவற்றில் ஒன்றின் தலை மட்டும் மற்றவற்றைவிடப் பெரிதாக, ஏறத்தாழ நம் ஒரு ரூபாய்க் காசு அளவில் இருக்கும். அந்த வட்டத்தில் செய்தவர் பெயரோ ஊரோ, கழுகோ கிரீடமோ புடைப்பாக அச்சிட்டிருக்கும். இதற்குத்தான் ஆங்கிலத்தில் மெடாலியன் என்று பெயர். 18ஆம் நூற்றாண்டு ரம்பங்களில் இதைத் தேட வேண்டாம். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியை ஒட்டித்தான் இது பரவலான வழக்கமாயிற்று.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இத்தாலிய மொழியில் 'மெடாலியா' என்றால் பொறிப்புள்ள உலோக வட்டு. அதோடு அளவில் பெரியது என்பதைக் குறிக்கும் 'ஓனே' விகுதி சேர்ந்து 'மெடாலியோனே', அதாவது பெரிய வட்டு, ஆயிற்று. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. பரிசு என்ற கருத்து அந்தச் சொல்லின் வேரில் இல்லை. உருவத்தை வைத்து வந்த பெயர் அது. கட்டடக் கலையில் சுவரில் வட்டமாகச் செதுக்கிய புடைப்பையும், கம்பளத்தின் நடுவில் நெய்த வட்டக் கோலத்தையும்கூட மெடாலியன் என்றே சொல்கிறார்கள். அவற்றுக்கெல்லாம் யாரும் ஒலிம்பிக்கில் பரிசு கொடுக்கவில்லை.

பதக்கம் என்ற நம் சொல்லும் ஒரு காலத்தில் உருவப் பெயர்தான். கழுத்தணியில் மார்பில் தொங்கும் கல் பதித்த தொங்கலே பதக்கம். நகைக்கடையில் இன்றும் அப்படித்தான். ஆனால் நகைக்கடைக்கு வெளியே அந்தச் சொல் கைமாறிவிட்டது. பதக்கம் என்றால் தங்கப் பதக்கம், வெள்ளிப் பதக்கம், பதக்கப் பட்டியல். வென்றவருக்கு வேறொருவர் கொடுப்பது. இன்றைய வாசகர் 'ரம்பத்தில் பதக்கம்' என்று படித்தால் இந்த ரம்பம் எங்கோ எதையோ வென்றிருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்வார். அவரைக் குறை சொல்ல முடியாது.

"பழகிவிட்டால் புரிந்துவிடும், இதற்குப் போய் இவ்வளவு சண்டையா?" என்று கேட்பவர்கள் உண்டு. வெறும் ரசனைப் பிரச்சினையாக இருந்தால் நானும் விட்டிருப்பேன். இந்தத் துறையில் அந்தச் சொல் நேராகப் பொய் சொல்ல வைக்கிறது. மேலே சொன்ன 'உயர்தர உத்தரவாதப் பதக்கம்' எங்கிருந்து வந்தது தெரியுமா? ஏராளமான பழைய அமெரிக்க ரம்பங்களின் வட்டத்தில் ஒரு கழுகும் 'வாரண்டட் சுப்பீரியர்' என்ற சொற்களும் இருக்கும். செய்த நிறுவனத்தின் பெயர் இருக்காது. பல நிறுவனங்கள் தங்கள் இரண்டாந்தர ரம்பங்களிலும், கடைக்காரர்கள் தம் சொந்தப் பெயரில் விற்கக் கேட்ட ரம்பங்களிலும் இந்தப் பொது வட்டத்தைத்தான் மாட்டின. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்து ரம்ப நிறுவனமான டிஸ்டனும் அப்படிச் செய்திருக்கிறது. ஆகவே சேகரிப்பவருக்கு அந்த எழுத்து சொல்லும் செய்தி இதுதான்: யார் செய்தது என்பதை இந்த வட்டத்தை வைத்துச் சொல்ல முடியாது, பெரும்பாலும் இது முதல் தரச் சரக்கும் இல்லை. அதைப் போய் 'உயர்தரப் பதக்கம்' என்று பெயர்த்தால் பொருள் தலைகீழாகிவிடுகிறது. 'சுப்பீரியர்' பாதிப் பொய் சொன்னது, 'பதக்கம்' மீதியையும் சொல்லிமுடித்தது. புதிதாக வாங்க வருபவர் அதை நம்பி இரண்டு மடங்கு விலை கொடுத்தால் மொழிபெயர்த்தவர் திருப்பித் தருவாரா?

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ரம்ப உலகில் உண்மையான பதக்கங்களும் உண்டு. 1851இல் லண்டனில் நடந்த பெருங்கண்காட்சியில் இங்கிலாந்தின் எஃகு நகரமான ஷெஃபீல்டின் கருவி உற்பத்தியாளர்கள் பரிசுப் பதக்கங்கள் வாங்கினார்கள். அந்தக் காலத்தில் வாங்கியவர்கள் சும்மா இருப்பார்களா? விளம்பரத்தில் போட்டார்கள், தகட்டிலும் பொறித்துக்கொண்டார்கள். 1876இல் பிலடெல்பியாவில் நடந்த நூற்றாண்டுக் கண்காட்சியும் அப்படியொரு களம். இப்போது ஒருவர் எழுதவேண்டும்: 'இந்த ரம்பத்தின் தகட்டில் கண்காட்சிப் பதக்கத்தின் படம் பொறித்திருக்கிறது, கைப்பிடியில் மெடாலியன் இருக்கிறது.' இரண்டுக்கும் பதக்கம் என்று போட்டால் வாக்கியமே விழுந்துவிடும். உண்மையான பதக்கத்துக்காகவாவது அந்தச் சொல்லை ஒதுக்கி வைத்திருக்க வேண்டாமா?

'முத்திரை' என்று சொல்வோர் இன்னொரு அணி. இது பரவாயில்லை, ஆனால் இதுவும் பொருந்தாது. பழைய இங்கிலாந்து ரம்பங்களில் செய்தவரின் பெயரை எஃகுத் தகட்டிலேயே அச்சால் அடித்திருப்பார்கள். அதுதான் முத்திரை. பின்னாளில் அமிலத்தால் அரித்து எழுத்தும் படமும் பதித்தார்கள். டிஸ்டன் தகட்டில், கட்டட வளைவின் உச்சியில் வைக்கும் நடுக்கல்லின் (கீஸ்டோன்) வடிவம் ஒன்று இப்படி அரித்திருக்கும். பிலடெல்பியா இருக்கும் பென்சில்வேனியாவுக்கு நடுக்கல் மாநிலம் என்ற பட்டப்பெயர் உண்டு. டிஸ்டன் பட்டறையின் பெயரிலும் அந்த நடுக்கல் இருந்தது. ஆக, அடித்த முத்திரை ஒன்று, அமிலப் பொறிப்பு ஒன்று, கைப்பிடி வட்டம் ஒன்று என ஒரு ரம்பத்தின் வயதையும் குலத்தையும் கண்டுபிடிக்க மூன்று தனித்தனித் தடயங்கள். மூன்றும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதே சேகரிப்பவரின் முதல் வேலை. மூன்றையும் முத்திரை என்று ஒரே சாக்கில் போட்டால் எதை எதோடு ஒப்பிடுவது?

சரி, என் சொல் எது? வில்லை.

நான் உருவாக்கிய சொல் அல்ல. வட்டமாக, தட்டையாக இருப்பதை வில்லை என்பது நம் பேச்சில் ஊறியது. சந்தன வில்லை, கற்பூர வில்லை, பெண்கள் பின்னலில் வைக்கும் சடைவில்லை எல்லாம் இருக்கின்றன. ஆனால் எனக்கு இந்தச் சொல்லைக் கையில் கொடுத்தது வேறொரு வில்லை. அந்தக் காலத்துக் கலெக்டர் ஆபீஸ் சேவகர் தோளில் குறுக்காக டவாலி போட்டிருப்பார், அதில் பளபளவென்று ஒரு பித்தளை வில்லை. எந்த அலுவலகத்துச் சேவகர் என்று அதில் எழுதியிருக்கும். அவர் எதையும் வென்றதற்காக அது கிடைக்கவில்லை. அவர் யாருடைய ஆள் என்று சொல்வதே அதன் வேலை. ரம்பத்தின் பித்தளை வட்டமும் அதே வேலையைத்தான் செய்கிறது: அதே உலோகம், அதே வட்டம், அதே பொறிப்பு. நீதிமன்றக் கட்டண வில்லை, வருவாய் வில்லை என்று அரசுத் தமிழிலும் இந்தச் சொல் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஒட்டியிருக்கும் இடத்தில் நின்று ஒன்றுக்குச் சாட்சி சொல்வதே அங்கும் அதன் வேலை.

தெலுங்கில் பில்ல, மராத்தியில் பில்லா என்றெல்லாம் இருக்கிறதே, இது தூய தமிழா என்று ஒரு நண்பர் கேட்டார். பக்கத்து வீட்டிலும் புழங்குகிறது என்பதற்காக என் வீட்டுச் சொல்லை நான் வெளியே வைப்பதில்லை. தூய்மை என்ற பெயரில் 'நற்பெயர் வட்டு', 'சிறப்பொறி' என்று யாரும் வாயால் சொல்லாத சொற்களை அச்சடிப்பதைவிட, பாட்டிக்கும் தெரிந்த வில்லை ஆயிரம் மடங்கு மேல்.

இன்னொரு எதிர்ப்பில் கொஞ்சம் நியாயம் உண்டு. இலங்கைப் பாடநூல்களில் வில்லை என்றால் கண்ணாடி லென்ஸ், குவிவில்லை, குழிவில்லை. குழப்பம் வராதா? ரம்பத்தின் கைப்பிடியில் லென்ஸ் இருக்கும் என்று எண்ணுகிறவர் உலகில் இருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. ஐயம் இருந்தால் முதல் இடத்தில் 'பெயர் வில்லை' என்று எழுதிவிட்டு, பிறகு வெறும் வில்லை என்று தொடரலாம்.

சொல் சரியாக அமைந்தால் பேச்சு எவ்வளவு எளிதாகிறது பாருங்கள். ஹென்றி டிஸ்டன் 1840இல் பிலடெல்பியாவில் தொழில் தொடங்கினார். 1865இல் மூத்த மகன் ஹாமில்டனைப் பங்காளியாகச் சேர்த்ததும் நிறுவனத்தின் பெயர் 'டிஸ்டன் அண்டு சன்' ஆயிற்று. 1871இல் மற்ற மகன்களுக்கும் இடம் கிடைத்து 'சன்ஸ்' ஆனது. வில்லையில் 'சன்' என்று ஒருமையில் இருந்தால் அந்த ஆறேழு ஆண்டுக்குள் செய்த கைப்பிடி. ஒரே ஓர் எழுத்து, அதற்காகவே பூதக்கண்ணாடியோடு அலைகிறார்கள். வில்லையைச் சுற்றியுள்ள திருகாணிகளும் பேசும். மரையின் தலை மரத்தோடு மட்டமாக, நடுவில் குறுக்கே காடி வெட்டியிருந்தால் பழைய வகை. டிஸ்டனில் அது ஏறத்தாழ 1870களின் நடுப்பகுதி வரை. தலை குவிந்து புடைத்திருந்தால் அதற்குப் பிந்தியது.

இதில் ஒரு எச்சரிக்கை. வில்லை கைப்பிடியின் பிறந்த தேதியைத்தான் சொல்லும், தகட்டின் தேதியை அல்ல. தச்சர்கள் உடைந்த கைப்பிடியைக் கழற்றி வேறொரு ரம்பத்தின் கைப்பிடியை மாட்டுவது சாதாரணம். தகட்டில் கூடுதலாக ஒரு துளை இருந்தாலோ, துளைகளும் திருகாணிகளும் கோணலாகப் பொருந்தினாலோ, பழைய கைப்பிடியின் நிழல் தகட்டில் வேறு வடிவில் படிந்திருந்தாலோ சந்தேகப்படுங்கள். பதக்கம் என்று சொல்பவருக்கு இந்தச் சந்தேகமே எழாது. பரிசு என்றால் ரம்பம் முழுவதற்கும்தானே? கைப்பிடியில் மட்டும் மாட்டிய வில்லை என்று தெரிந்தால்தான் கைப்பிடியையும் தகட்டையும் தனித்தனியாகப் பார்க்கத் தோன்றும்.

பேச்சு இவ்வளவு தூரம் வந்துவிட்டதால் மொழிபெயர்ப்பாளர்களிடம் இன்னும் சிலவற்றைக் கேட்டுவிடுகிறேன். தகட்டில் 'காஸ்ட் ஸ்டீல்' என்று அடித்திருந்தால் அதை வார்ப்பிரும்பு என்று எழுதுகிறார்கள். வார்ப்பிரும்பில் ரம்பம் செய்தால் முதல் இழுப்பில் உடைந்துவிடும். 1740களில் ஷெஃபீல்டில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் மூசையில், அதாவது உலோகம் உருக்கும் மண் கலத்தில், உருக்கிச் செய்து காட்டிய எஃகின் வழி வந்த பெயர் அது. நமக்கு உருக்கு என்ற அருமையான சொல் இருக்கிறது. மூசையில் எஃகு செய்வதில் தென்னாட்டுக் கொல்லர்கள் ஷெஃபீல்டுக்குப் பல நூற்றாண்டு மூத்தவர்கள். அந்தச் சொல்லைப் பரணில் போட்டுவிட்டு வார்ப்பிரும்பை இழுத்து வருகிறார்கள். 'பழங்கால வாள்கள் விற்பனைக்கு' என்ற தலைப்பையும் பார்த்தேன். தச்சர் வாள் என்று சொன்னால் ரம்பம்தான், மறுக்கவில்லை. ஆனால் தச்சுப் பட்டறைக்கு வெளியே பழங்கால வாள் என்றால் திப்பு சுல்தான்தான் நினைவுக்கு வருவார். கைரம்பம் என்றோ ஈர்வாள் என்றோ எழுதினால் யாரும் குதிரை ஏறமாட்டார்கள். ஆங்கிலத்தில் 'பேக் சா' எனப்படும் முதுகுப்பட்டை ரம்பத்தை எந்திரத்திடம் விட்டுவிட்டு 'முதுகு பார்த்தது' என்று பெயர் வைப்பவர்களைப் பற்றி எழுத இன்னொரு நாள் வேண்டும்.

கடைசியாக நிப். பழைய ரம்பங்களின் முதுகில், முனைக்குச் சற்று முன்னால், குட்டியாக ஒரு முனைப்பு நிற்கும். அதை 'பேனா முனை' என்று பெயர்த்திருக்கிறார்கள். ஆங்கிலச் சொல்லுக்குப் பறவையின் அலகு என்ற பழைய பொருளும் உண்டு என்று அகராதியைப் புரட்டியிருந்தால் தெரிந்திருக்கும். எதற்காக அதை வைத்தார்கள் என்று சேகரிப்பவர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள்: கயிறு கட்டவா, அறுக்கத் தொடங்கும் இடத்தில் கோடு கிழிக்கவா என்று ஆளுக்கொரு கதை. டிஸ்டன் நிறுவனமோ தன் கையேட்டில் பயன் ஒன்றுமில்லை, முதுகின் நேர்க்கோட்டை உடைக்கும் வெறும் அலங்காரம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. நான் அதை 'மொட்டு' என்று எழுதுகிறேன். இதைவிட நல்ல சொல் எந்தத் தச்சராவது சொன்னால் அன்றே மாற்றிக்கொள்வேன். பேனா முனை என்று மட்டும் சொல்லாமல் இருந்தால் சரி.