ஷூவுக்குள் ஈரம் செய்யும் வேலை

ஓராண்டுக்குள் மடிப்பில் வெடித்துவிடும் கருப்பு ஷூவும், பத்தாண்டுகள் உழைக்கும் ஷூவும் கடையில் ஒரே மாதிரித்தான் மின்னுகின்றன. அவற்றின் ஆயுளைப் பெரும்பாலும் ஈரம்தான் தீர்மானிக்கிறது.

தோல் என்பது கொலாஜன் என்ற புரத நார்களின் பின்னல். பச்சைத் தோலை அப்படியே விட்டால் அழுகும். காயவைத்தால் பலகையாக விறைக்கும். அதனால்தான் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தொழிற்கூடங்களில் அதைப் பதனிடுகிறார்கள். ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் செய்த வேலையை இன்று பெரும்பாலும் குரோமியம் உப்பு செய்கிறது. நார்களுக்கு இடையே வேதிப் பிணைப்புகளை உண்டாக்கி அவற்றை நிலைப்படுத்துகிறது. பச்சைத் தோல் ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸ் வெந்நீரிலேயே சுருங்கிவிடும். குரோமியம் நன்றாக ஏறிய தோலோ கொதிநீரையும் தாங்கும். பிறகு தோலுக்குள் எண்ணெய் ஏற்றுகிறார்கள். அந்த எண்ணெய் இருக்கும்வரை நார்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நகரும்; நடக்கும்போது ஷூ வலியில்லாமல் வளையும்.

உள்ளங்காலில் வியர்வைச் சுரப்பிகள் மிக நெருக்கமாக அமைந்துள்ளன. நாள் முழுக்க வெளியேறும் ஈரத்தைத் தோல் உறிஞ்சிக்கொள்கிறது. இரவில் அது முழுமையாக வெளியேறுவதில்லை. மறுநாளும் அதே ஷூவை அணிந்தால் ஈரத்தோடு ஈரம் சேர்கிறது. வியர்வையின் உப்பும் உள்ளே தங்குகிறது. ஆகவே இரண்டு ஜோடி வாங்கி மாற்றி மாற்றி அணிவது ஆடம்பரம் அல்ல. தினமும் அணியும் ஒரே ஜோடி இரண்டாண்டு வந்தால், மாற்றி மாற்றி அணியும் இரண்டு ஜோடிகள் நான்காண்டுக்கும் மேல் வரும் என்பது என் உறுதியான கருத்து. கழற்றியதும் உள்ளே பாத வடிவ மரக்கட்டை வைத்தால் அது ஈரத்தை இழுக்கும், மடிப்பையும் நீட்டிவிடும். கட்டை இல்லையென்றால் கசக்கிய செய்தித்தாள் போதும்.

மழையில் நனைந்த ஷூவை வெயிலிலோ அடுப்பருகிலோ வைப்பதுதான் பெரிய கொடுமை. நீர் வேகமாக வெளியேறும்போது நார்கள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகுகின்றன. அடுத்த முறை கால் வளையும்போது வழுக்க முடியாத நார்கள் அறுந்து விரிசல் விடுகின்றன. மின்விசிறிக் காற்றில், நிழலில், மெதுவாக உலர விடுங்கள்.

பாலிஷ் இதற்குப் பிறகுதான் வருகிறது. டப்பாவில் வரும் கெட்டிப் பாலிஷ் பெரும்பாலும் மெழுகும் கரைப்பானும் சேர்ந்தது. தரமானவற்றில் பிரேசிலின் கார்னாபா பனைமர மெழுகு இருக்கும். அது ஏறத்தாழ 80 டிகிரிக்கு மேல்தான் உருகும் என்பதால் நம் வெயிலிலும் கெட்டியாக நிற்கும். கரைப்பான் ஆவியானதும் மெழுகு தோலின் நுண்குழிகளை நிரப்புகிறது. துணியால் தேய்க்கத் தேய்க்கப் பரப்பு சமமாகி, சிதறிக்கொண்டிருந்த ஒளி ஒரே திசையில் திரும்புகிறது. அந்த மினுமினுப்பு அவ்வளவுதான். இழந்த எண்ணெயைத் திருப்பித் தருவது கிரீம் வகைப் பாலிஷ்தான். எனவே முதலில் தூசியைத் துடைத்து, கிரீமைத் தடவி, ஊறவிட்டு, பிறகு மெழுகைப் பூசுங்கள். விரல் மடங்கும் இடத்தில் மெழுகைக் கனமாக ஏற்றினால் அது பொடிந்து உதிரும். தேங்காய் எண்ணெய் வேண்டாம். மிகுந்தால் தோல் கருத்துத் தளர்ந்துவிடும்.

வாங்கும்போது முன்பகுதியை விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். நுண்ணிய சுருக்கங்கள் விழுந்து மறைந்தால் இயற்கை மேற்பரப்புள்ள தோலாக இருக்க வாய்ப்பு அதிகம். தடித்த மடிப்பாக எழும்பினால் கனமான பிளாஸ்டிக் பூச்சு. மாலையில் கால் சற்று வீங்கியிருக்கும் என்பதால் அளவை அப்போது பார்ப்பது நல்லது.

சோல் எனப்படும் அடிப்பகுதி எதனால் ஆனது என்பதையும் கேட்டு வாங்குங்கள். திருமணத்துக்கு அணிந்து பெட்டியில் வைத்த ஷூ, சில ஆண்டுகள் கழித்து எடுத்தால் அடிப்பகுதி பொடிப்பொடியாக உதிர்வதைப் பலர் பார்த்திருப்பார்கள். அது பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் வகைச் சோலாக இருந்திருக்கும். பாலிஎஸ்டர் வகைப் பாலியூரித்தேனின் பிணைப்புகளைக் காற்றிலுள்ள நீராவியே மெல்ல மெல்ல உடைக்கிறது; சென்னை போன்ற ஈரப்பதமான கடற்கரை நகரில் இது விரைவாகவே நடக்கும். எப்போதாவது மட்டும் அணிபவர்கள் ரப்பர் சோலோ தோல் சோலோ கேட்டு வாங்கலாம். மேல்தோலின் விளிம்பில் ஒரு பட்டையைத் தைத்து, அந்தப் பட்டையோடு சோலைத் தைக்கும் குட்இயர் வெல்ட் முறையில் செய்ததாக இருந்தால், மேல்தோலைத் தொடாமலே தேய்ந்த சோலைப் பிரித்துப் புதியதைத் தைத்துக்கொள்ள முடியும்.