பழகிப்போனது உடம்பு அல்ல, கிருமி

"எங்கம்மா காய்ச்சல் மாத்திரையே யோசிச்சுதான் போடுவாங்க. அவங்க உடம்பு எப்படி டாக்டர் ஆன்டிபயாடிக்குக்குப் பழகிப்போகும்?"

அம்மாவுக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யவில்லை என்றதும், ஐசியூ வாசலில் ஒரு மகள் கேட்டார். நியாயமான கேள்வி. இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷனுக்கு வந்தவர் அவருடைய அம்மா. யூரின் டியூப் போட்ட ஆறாம் நாள் குளிர்காய்ச்சல். அவர் யூரினிலிருந்த கிருமியை வளர்த்த கல்ச்சர் தட்டை லேபில் பார்த்தது நான்தான். இளஞ்சிவப்பில் பிசுபிசுவென்று கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா. கம்பியால் தொட்டுத் தூக்கினால் நூலாக நீண்டது. மறுநாள், மெரோபெனம் என்ற வலுவான ஆன்டிபயாடிக் ஏற்றிய வில்லையின் விளிம்புவரை கிருமி வளர்ந்து நின்றது. மருந்து வேலை செய்திருந்தால் வில்லையைச் சுற்றித் தெளிவான வட்டம் விழுந்திருக்கும்.

பழகுவது உடம்பு அல்ல, கிருமி. மெரோபெனத்தைச் சிதைக்கும் என்சைமைத் தயாரிக்க அதனிடம் ஒரு மரபணு இருக்கிறது. என்டிஎம்-1 அப்படிப்பட்ட ஒன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமியை முதல் ஆசிரியராகக் கொண்டு 2010-ல் லான்செட் குழும மருத்துவ இதழில் வந்த ஆய்வு, சென்னையில் மட்டும் 44 கிருமி மாதிரிகளில் அதைக் காட்டியது. பெயரிலுள்ள 'என்டி' நியூ டெல்லியைக் குறிக்கிறது என்று அப்போது பெரிய சர்ச்சை. பெயரைவிட அந்த 44 தான் என்னை உறுத்துகிறது.

இந்த மரபணு பெரும்பாலும் பிளாஸ்மிட் என்னும் சின்ன டிஎன்ஏ வளையத்தில் இருக்கும். ஒரு கிருமி அதை நகலெடுத்துப் பக்கத்துக் கிருமிக்குக் கொடுத்துவிடும், கிளெப்சியெல்லாவிடமிருந்து ஈ.கோலை என்ற வேறு வகைக் கிருமிக்குக்கூடப் போகும். அதே வளையத்தில் வேறு மருந்துகளுக்கான எதிர்ப்பும் சேர்ந்தே பயணிக்கும். அதனால் யாரோ சளிக்குத் தேவையில்லாமல் விழுங்கிய சாதாரண ஆன்டிபயாடிக் கூட மற்றக் கிருமிகளைக் கொன்று இந்தக் கிருமிக்கு இடம் ஒதுக்கித் தரலாம். பிறகு ஒரு கை, ஒரு கட்டில் கம்பி, ஒரு டியூப் போதும். ஆன்டிபயாடிக்கே தொடாத அம்மாவுக்கும் வந்து சேரும்.

என்டிஎம் என்சைமால் அஸ்ட்ரியோனம் என்ற மருந்தைச் சிதைக்க முடியாது. ஆனால் கூடவே இருக்கும் வேறு என்சைம்கள் சிதைத்துவிடும். அவற்றைத் தடுக்க, அஸ்ட்ரியோனத்தோடு அவிபேக்டம் சேர்ந்த மருந்தையும் கொடுத்தோம். அம்மா தேறினார். எல்லோருக்கும் இது அமைவதில்லை. செலவும் குடும்பத்தை முறித்துவிடும்.

உங்கள் வீட்டில் யாராவது அட்மிட் ஆனால், "இந்த டியூப் இன்னும் வேணுமா?" என்று தினமும் கேளுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டோம். ஆன்டிபயாடிக்கின் முதல் டோஸுக்கு முன் கல்ச்சர் எடுத்தார்களா என்றும் கேளுங்கள். கட்டிலைத் தொடுமுன் கையைச் சுத்தம் செய்யுங்கள். நாங்கள் மறந்தால் எங்களுக்கும் சொல்லுங்கள்.

டிஸ்சார்ஜ் அன்று, கல்ச்சர் ரிப்போர்ட்டை ஃபைலில் முதல் தாளாக வைக்கச் சொன்னேன். குடலில் இந்தக் கிருமி மாதக்கணக்கில் தங்கலாம். அடுத்து எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அந்தத் தாளைத்தான்.