வரப்பு அல்ல, பார்

இங்கிலாந்தின் பழைய வயல்களைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் 'ரிட்ஜ் அண்ட் ஃபரோ' என்பதை 'வரப்பும் வாய்க்காலும்' என்று எழுதிவிடுகிறார்கள். இது தப்பு. பாரும் சாலும் என்பதே சரி. பார் என்பது உழவில் நீளவாக்கில் எழும் மேடு, சால் என்பது அதையொட்டிய பள்ளம்.

ரிட்ஜ் என்பதன் பழைய ஆங்கில வடிவத்துக்கு முதுகு என்று பொருள். ஃபரோ என்றால் ஏர் கீறிய சால். ஒரு நீண்ட சாலின் அளவுதான் ஃபர்லாங் ஆனது.

வரப்பு ஏன் ஆகாது? வரப்பு எல்லை காட்டும், தண்ணீரை நிறுத்தும், நடக்க வழி தரும். ஓரமாகத் தட்டைப்பயறு ஊன்றினால் உண்டு, மற்றபடி அது விளைநிலம் இல்லை. ரிட்ஜோ முழுக்க விளைநிலம். இடைக்காலத்தில் நார்தாம்டன்ஷயர் போன்ற பகுதிகளில் பெரிய திறந்த வயல்கள் நீளநீளத் துண்டுகளாகப் பிரிந்து கிடந்தன. ஒரு குடியானவருக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில துண்டுகள். அவர்களுடைய கலப்பை மண்ணை வலப்பக்கம் மட்டும் புரட்டும். துண்டின் நடுவில் தொடங்கி வலமாகச் சுற்றிச்சுற்றி உழுதால் மண் நடுவை நோக்கியே ஏறும். வருடக்கணக்கில் இப்படி உழுததில் நடு முதுகுபோல் உயர்ந்தது, ஓரத்துச் சாலில் மழைநீர் வடிந்தது. எட்டு மாடுகள் வரை பூட்டிய ஏர் முனையில் திரும்ப முன்கூட்டியே வளைய வேண்டும். அதனால் பார்கள் திருப்பிப் போட்ட 'எஸ்' எழுத்தாக நெளிகின்றன. வரப்பு என்று எழுதிவிட்டு இந்த நெளிவை எப்படி விளக்குவது? பின்னாளில் மேய்ச்சலாக மாறிய நிலங்களில், சாய்ந்த வெயிலில் இன்றும் அவை வரிவரியாகத் தெரிகின்றன.

வாய்க்காலும் அப்படித்தான். வாய்க்கால் வெட்டுவது, சால் ஓட்டுவது.

ரிட்ஜுக்கு 'மேட்டுப்பாத்தி' என்று சிலர் வாதாடுகிறார்கள். பாத்தி என்றதும் நாற்றங்காலும் மண்வெட்டியும்தான் கண்முன் வரும், ஏர் வராது. நம்மூரில் கரும்புக்கும் பருத்திக்கும் பார் பிடிக்கிறோம். வேளாண்மைத் துறையின் துண்டறிக்கையிலேயே அந்தச் சொல் இருக்கிறது. நம் பார் குறுகல், அங்கே பல மீட்டர் அகலம் என்பது உண்மை. அகலப்பார் என்றால் தீர்ந்தது. நாம் சாலில் தண்ணீர் பாய்ச்சுகிறோம், அவர்கள் வடித்தார்கள். சால் என்ற சொல் இரண்டுக்கும் பொருந்தும்.

அகராதியைப் புரட்டுகிறவர்கள் ஒரு விவசாயியிடம் கேட்டிருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது. திறந்த வயலின் அந்த நீளத் துண்டைக் குறிக்கும் 'ஸ்ட்ரிப்' என்பதைப் 'பட்டை' என்று போடுகிறவர்களும் இதே வகைதான். துண்டு நிலம் என்று ஊரே சொல்கிறதே, அது காதில் விழவில்லையா?